வெட்டிப்போட்ட நிமிஷங்கள்

கரிக்கொட்டாய்த் தெருவில் துறைமுகத்துச் சங்கு கேட்காத வீடு ஒன்றிரண்டு இருந்தாலும் இருக்கலாம், பொற்கொடியின் அரிவாள்மனையைப் பற்றிக் கேள்விப்படாத வீடு கிடையாது. மீன் அரிய, முருங்கைக்காய் நறுக்க என்று ஊரெல்லாம் வைத்திருக்கிற சாமான்தான் அது. ஆனால் வடசென்னையின் அந்த மூலையில், பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே பந்தையும் உதைக்கப் பழகிவிடுகிற அந்தத் தெருவில், வீட்டுக்குள் வந்து விழுந்த பந்தை அரிவாள்மனையில் வைத்து இரண்டாக அறுத்துத் திருப்பித் தருகிறவள் பொற்கொடி ஒருத்திதான். குழம்பில் விழுந்த பந்து, கோலத்தில் விழுந்த பந்து, காயப்போட்ட வடகத்தின் மேல் விழுந்த பந்து என்று பத்து வருஷத்தில் பதினேழு பந்துகள். "யக்கா, பந்து" என்று வாசலில் நின்று கேட்டால் முதலில் ஒரு பாதி வரும், கொஞ்சம் பொறுத்து மறு பாதி வரும். தெரு டீமின் கேப்டன் லோகு அந்தப் பதினேழையும் ஒன்றுவிடாமல் சொல்லுவான். அவன் கணக்கில் வராத பந்து ஒன்று உண்டு. அதுதான் அவள் அறுத்த முதல் பந்து, அது அவள் மகள் தமயந்தியுடையது.

தமயந்திக்குப் பத்தொன்பது வயசில் வெளியூர்ப் பெண்கள் அணி ஒன்றில் இடம் கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின நாள், "பொட்டப்புள்ள அரை டிராயர் மாட்டிக்கினு ஊர் ஊரா ஓடுவியா, நானும் பாத்துக்கினு இருப்பேனா" என்று கத்திக்கொண்டே பொற்கொடி அந்தப் பந்தை அறுத்தாள். தமயந்தி அழவில்லை, பதிலுக்குக் கத்தவுமில்லை. இரண்டு பாதியையும் எடுத்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினவள்தான், பத்து வருஷமாக அந்தப் படியேறவில்லை. அதற்கப்புறம் வந்து விழுந்த ஒவ்வொரு பந்தையும் பொற்கொடி அறுத்தது, முதல் பந்தை அறுத்தது சரிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளத்தான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள், அவள் காதில் விழாத தூரத்தில்.

அவள் புருஷன் கோதண்டன் துறைமுகத்தில் பாரம் தூக்குகிற வின்ச் ஓட்டியவர், இளவயசில் துறைமுக அணிக்கு ஆடியவர், வீட்டில் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசாதவர். போன வருஷம் ஆடி மாசத்தில் ஒருநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவருக்கு வலது கையும் வலது காலும் பேச்சும் ஒரே நேரத்தில் போயின. காலும் கையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின, பேச்சும் எழுத்தும் மட்டும் திரும்பவில்லை. "வந்தா வரும்மா" என்றார் டாக்டர். அதைப் பொற்கொடியே சொல்லியிருப்பாள், இரண்டு பஸ் மாறிப் போய்க் கேட்டிருக்க வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு விளையாட்டு டிவி ஒன்றில் பழைய கால்பந்து ஆட்டங்கள் போடுவார்கள். முப்பது வருஷம், நாற்பது வருஷம் முந்தின ஆட்டங்கள். சாயம் போன சட்டைகளும் மண்டை நிறைய முடியுமாக யார் யாரோ தூர தேசத்து ஆட்கள், தொண்ணூறு நிமிஷமும் வெட்டாமல் ஆடுவார்கள். கோதண்டனை நாற்காலியில் உட்கார்த்தி அதைப் போட்டுவிட்டால் பொற்கொடிக்கு ஒன்றரை மணி நேரம் சமையல் வேலை ஓடும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோல் கம்பத்துக்குப் பின்னால் போன பந்தை எடுக்க, கோல் காக்கிற கோலி ஆடி அசைந்து நடந்துகொண்டிருந்தபோது, கோதண்டன் கணீரென்று சொன்னார்: "மெதுவாப் போறான் பாரு. ஜெயிக்கிறான்ல, அதான்."

பொற்கொடியின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. "யோவ், இன்னாய்யா சொன்ன, இன்னொரு வாட்டி சொல்லு" என்று ஓடிவருவதற்குள் பந்து உள்ளே வந்துவிட்டது, அவர் வாயும் மூடிக்கொண்டது. நாலைந்து வாரத்தில் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. பந்து ஆட்டத்தில் இருக்கிறவரை அவர் பேச மாட்டார். பந்து கோட்டுக்கு வெளியே போய்விட்டால் பேசுவார். யாராவது அடிபட்டு விழுந்தால் நிறையப் பேசுவார். அதிலிருந்து, வாழ்நாளெல்லாம் கால்பந்தைச் சபித்த பொற்கொடி, ஞாயிறு பத்து மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்து, "எவனாவது வெளிய ஒதைங்களேன்டா, நல்லா இருப்பீங்க" என்று வேண்டிக்கொள்ள ஆரம்பித்தாள். பந்து வெளியே போகும், அவள் கேட்பாள், அவர் சொல்லுவார். கேஸ் புக் அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கிறது. பச்சை லுங்கி இடுப்பில் இறுக்குகிறது. நேற்று வைத்த ரசத்தில் புளி அதிகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூலையில் கொடிக்கம்பத்தடியில் ஒருவன் பந்தை வைத்து வைத்துச் சரிசெய்துகொண்டிருந்த நேரத்தில், அவர் தானாகவே சொன்னார்: "தமு இப்ப நல்லா விசில் ஊதுது."

பத்து வருஷமாக அந்த வீட்டில் மகள் பேரைச் சொன்னவர் இல்லை. மாசத்தில் முதல் ஞாயிறு துறைமுகச் சங்கத்தில் கூட்டம் என்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவாரே, அது கூட்டமில்லை என்று பொற்கொடிக்கு அப்போதுதான் விளங்கியது. முதலில் கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னால் வெட்கம் வந்தது, அது போகவேயில்லை. மகளுடைய நம்பரை அவர் போனில் போட்டு வைக்கவில்லை, பொண்டாட்டி கண்ணில் படுமென்று மனசில்தான் வைத்திருந்தார். அவர்தான் கூப்பிடுவார், அவள் கூப்பிடக் கூடாது என்று ஏற்பாடு. அப்படியானால் போன ஆடியிலிருந்து அந்தப் பெண் என்ன நினைத்துக்கொண்டிருக்கும்? பெற்றவள்தான் அறுத்துவிட்டாள், அப்பனும் கைகழுவிவிட்டான் என்றுதானே? இதை நினைத்தால் பொற்கொடிக்குச் சோறு இறங்கவில்லை.

"எங்கய்யா கீறா?" என்று அடுத்தமுறை பந்து வெளியே போனதும் கேட்டாள்.

"அங்கதான்... ஸ்டேஷன்ல எறங்கி..." என்றார். பந்து உள்ளே வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு கேட்டுவிடலாம் என்று வாரமெல்லாம் காத்திருந்தாள். அந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் டிவிக்காரர்கள் தொண்ணூறு நிமிஷத்தை அறுபது நிமிஷமாக்கினார்கள். ஒரு அறிவிப்பு கிடையாது, ஒரு வருத்தம் கிடையாது. ஆட்டத்தைக் குறைக்கிறவன் எதைக் குறைப்பான்? கோலைக் குறைக்க மாட்டான், ஓட்டத்தைக் குறைக்க மாட்டான். பந்து வெளியே கிடக்கிற நேரத்தைத்தான் வெட்டுவான், அதற்கு யார் கேட்கப் போகிறார்கள் என்று. பந்து கோட்டைத் தாண்டும், படம் ஒரு குதி குதிக்கும், பந்து மறுபடியும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். கோதண்டன் வாயைத் திறப்பார். திறந்த வாயை அப்படியே மூடிக்கொள்வார்.

மறுநாள் திங்கட்கிழமை காலை அடிபம்புக்குத் தண்ணீர் பிடிக்கப் போன பக்கத்து வீட்டு அஞ்சலை, மஞ்சள் சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரன் ஒரு காலை மண்டியிட்டு பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். "தோ, நவுருப்பா" என்றாள். அவன் நகரவில்லை. அவள் நாலு குடம் பிடித்து முடித்தபோதும் கட்டிக்கொண்டிருந்தான், சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்திலும் கட்டிக்கொண்டிருந்தான். கயிறு கட்டத் தெரியாத பிள்ளையைப் பெற்ற மகராசி யாரோ என்று பரிதாபப்பட்டுவிட்டு, தெருப் பெண்கள் அவனைச் சுற்றி வரிசை போட்டுக்கொண்டார்கள்.

புதன்கிழமை ஒரு கோலி வந்தார், கைகளில் பெரிய உறையோடு, தெருமுனையிலிருந்து கோயில் வரைக்கும் எதையோ எடுக்கப் போகிறவர் மாதிரி ஆடி அசைந்து நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார். வெள்ளிக்கிழமை அஞ்சலை வீட்டு வாசலில் ஒருவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தான். அதற்கடுத்த வாரம் ரேஷன் கடை எதிரில் ஐந்து பேர் தோளோடு தோள் உரசி, கைகளை அடிவயிற்றுக்குக் கீழே கோத்து மறைத்துக்கொண்டு, ஃப்ரீ கிக்குக்குக் கட்டின சுவர் மாதிரி வரிசையாக நின்றார்கள். "எதுக்குடி இப்டி மறைச்சிக்கினு நிக்கிறானுங்க" என்று பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். கேபிள்காரர் ஜெபராஜ் வந்து ஒவ்வொருவரையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "போன ஞாயித்துக்கெயம ஆட்டத்துல வெட்னதுங்க இதெல்லாம். வெட்டிப் போட்டா எங்கனா போயி வுழத்தான செய்யும்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்டவர் இல்லை.

டிவியில் அறுபது முப்பதாயிற்று, முப்பது பத்தாயிற்று, தெருவில் ஆள் கூடியது. ஊக்கமருந்து சாப்பிட்டவன் மாதிரி எதையும் தாங்குகிற தெரு அது, வெள்ளம் வந்தபோது தாங்கியது, குடோன் தீப்பிடித்தபோது தாங்கியது, இதையும் தாங்கியது. கொடியைப் பிடித்துக்கொண்டு நின்ற லைன்ஸ்மேனை ஷேர் ஆட்டோ திரும்புகிற முனைக்கு நகர்த்தி நிறுத்தினார்கள், அதிலிருந்து அங்கே ஒரு மோதலும் இல்லை. ரேஷன் வரிசை அந்த ஐந்து பேர் நிழலில் நின்றது. மழை பெய்த ஆட்டம் ஒன்றிலிருந்து வந்த ஏழு பேர், சித்திரை வெயிலிலும் தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நின்றார்கள், அவர்களுக்குக் கீழே ஆளுக்கொரு குடத்தை வைத்து, குடம் நிறைந்ததும் மாற்றி, துணி துவைக்க வைத்துக்கொண்டார்கள். புல் வாசனை அடிக்கும், குடிக்கத்தான் மனசு வராது. மாநகராட்சியிலிருந்து ஒருவர் வந்து பேர் கேட்டார், தெருக்காரர்கள் முதுகில் இருந்த நம்பரைச் சொன்னார்கள், அவர் அதையே எழுதிக்கொண்டு போனார். சோறு கேட்காத, தண்ணீர் கேட்காத, வாயைத் திறக்காத அறுபது எழுபது பேர் அப்படி அந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தார்கள், பிள்ளைகள் பந்தாடுகிற கரிமைதானமும் அவர்களால் நிறைந்துபோயிற்று.

ஆனால் காத்திருக்கிறவர்களுக்கு நடுவில் குடித்தனம் பண்ணுவது லேசான காரியமில்லை. அவர்கள் எல்லாரும் எதற்கோ காத்திருந்தார்கள், பந்துக்கோ விசிலுக்கோ, கை நீட்டித் தூக்கிவிடுகிறவனுக்கோ. பார்த்துப் பார்த்து ஜனங்களுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. இட்லிப் பானையைத் திறக்கப் போனவள் மூடியைப் பிடித்துக்கொண்டே நின்றாள், இட்லி கல்லாகியது. குழாயடியில் சண்டை போட்டவர்கள் பாதித் திட்டில் நிறுத்திவிட்டு எதிராளி வாயையே பார்த்தார்கள். எல்லாவற்றையும் விட மோசம், அஞ்சலையின் மருமகளுக்கு நாள் கடந்தும் வலி வரவில்லை. ஆஸ்பத்திரியில் போகிறபோதெல்லாம், எல்லாம் நன்றாக இருக்கிறது, இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்றே சொன்னார்கள். அஞ்சலை தூங்காமல் கிடந்தாள்.

பொற்கொடிக்கு அவளுடைய கவலையே பெரிதாக இருந்தது. பத்து நிமிஷ ஆட்டம் கோல் மட்டும் காட்டுகிற மூன்று நிமிஷமாகியது. கோல், கோல், கோல் என்று அடுக்கிக்கொண்டு போனார்கள். எங்கிருந்து வந்த பந்து, யார் கொடுத்த பந்து என்று ஒன்றும் தெரியாது, வலை மட்டும் ஆடும். கோதண்டனுக்கு மூச்சு விடவே நேரமில்லை. பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள். ஞாயிறு பத்து மணிக்குக் கோட்டு போட்ட நாலு பேர் உட்கார்ந்துகொண்டு, கிரிக்கெட் ஏலத்தில் யாரை யார் எடுப்பார்கள் என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். "நீங்க பேசுங்கடா, நல்லா பேசுங்க. என் ஊட்டுக்காரரு பேச்ச புடுங்கிக்கினு நாலு பேரு பேசுங்க" என்று டிவியைப் பார்த்துக் கத்திவிட்டு, பொற்கொடி அடுப்பங்கரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கோதண்டன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்த வாரம்தான் தெருவுக்கு வழி பிறந்தது. வாசலில் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தவனைத் தாண்டித் தாண்டிப் போய்ச் சலித்துப்போன அஞ்சலை, ஆத்திரத்தில் ஒரு சொம்பு தண்ணீரை அவன் காலில் ஊற்றினாள். அவன் எழுந்தான், நொண்டி நொண்டி இரண்டு எட்டு வைத்தான், மூன்றாவது எட்டில் ஆளைக் காணோம். லோகு இதைக் கேட்டதும் ஒரு பந்தை எடுத்துக்கொண்டு போய்க் கோலியிடம் கொடுத்தான். அவர் அதைக் கீழே வைத்து, நாலடி பின்னால் போய், ஓங்கி உதைத்தார். பந்து கோயில் கோபுரத்துக்கு மேலே போயிற்று, அவரும் போய்விட்டார். விசில் ஊதினதும் ரேஷன் கடைச் சுவர் கலைந்தது. கயிறு கட்டிக்கொண்டிருந்தவனுக்கு யாரோ ஒரு பெண் குனிந்து இரட்டை முடிச்சுப் போட்டுவிட்டாள். இப்படி எதற்குக் காத்திருந்தார்களோ அதைக் கொடுத்து, ஒரே வாரத்தில் தெரு அவர்களை அனுப்பிவைத்தது.

ஒருவன் மட்டும் பாக்கி. நீலச் சட்டை, முதுகில் மூன்று, மேலுதட்டில் அடர்ந்த மீசை. கோட்டோரம் நின்று பந்தை எறிந்து கொடுக்க வேண்டியவன், பந்தைப் போடு என்று இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி கரிமைதானத்தின் ஓரத்தில் நின்றவன். மற்றவர்களை அனுப்பத் தொடங்கின அன்றைக்கே பொற்கொடி அவனைத் தன் வீட்டுக்குள் கூட்டிவந்துவிட்டாள். நீட்டின கையைப் பிடித்து இழுத்ததும், பந்து இருக்கிற இடத்துக்குத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தானோ என்னவோ, மூணாம் நம்பர் தலையைக் குனிந்து நிலைப்படிக்குள் நுழைந்தான். டிவிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அவனுக்குப் பந்து வெளியேதானே இருக்கிறது, அவன் நிற்கிறவரை வெளியேதானே இருக்கும் என்பது அவள் எண்ணம்.

கோதண்டன் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். "இன்னா கொடி, இவன இங்க கொண்டாந்து நிக்க வெச்சுட்ட?" என்றார்.

அதற்குப் பிறகு பதினோரு நாள் அவர் ஓயாமல் பேசினார். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் பேசாததையெல்லாம் பேசினார். வின்ச் மேலேயிருந்து பார்த்தால் கடல் எப்படி இருக்கும் என்று சொன்னார், அவள் சிரிப்பு தனக்குப் பிடிக்கும் என்றுகூட ஒரு தடவை சொன்னார், பொற்கொடி வெட்கத்தில் மூணாம் நம்பரை ஓரக்கண்ணால் பார்த்தாள். ஆனால் எந்தப் பேச்சும் முடியவில்லை. கடலைப் பற்றித் தொடங்கினால் பாதியில் அலைந்து வேறெங்கோ போகும், அதுவும் முடியாது. "தமு எங்கய்யா கீறா?" என்று அவள் கேட்கும்போதெல்லாம், "சொல்றேன், இரு... பந்து வரட்டும்" என்றார். ஒரு நாளில் முப்பது தரம் கேட்டாள், முப்பது தரமும் அதே பதில். வராத பந்துக்கு நிற்கிறவன் பக்கத்தில் இருந்துகொண்டு எதையும் முடிவுவரை சொல்ல முடியாது போலிருக்கிறது. பொற்கொடிக்கு இது புரிய நாளாயிற்று.

பன்னிரண்டாம் நாள் காலை அஞ்சலை தலைவிரி கோலமாக வந்து வாசலில் நின்றாள்.

"ஒர்த்தன இன்னும் நிக்க வெச்சுக்கினு கீறியே பொற்கொடி, உனக்கு ஞாயமா? இவன் நிக்கிற வரைக்கும் எம் மருமவளுக்கு எப்டி வலி வரும்?"

"இவன் பூட்டா எங்க ஊட்டுக்காரரு பேச்சும் பூடும் அஞ்சல."

"எம் பேரன் வவுத்துலயே இருக்கணுமா அதுக்கு?"

பொற்கொடி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு லோகு வீட்டுக்குப் போனாள்.

லோகு அப்போதுதான் மூட்டை தூக்கக் கிளம்பிக்கொண்டிருந்தான். "ஒரு பந்து குடுப்பா" என்று அவள் கேட்டதும், பிள்ளையைத் தூக்கிப் பின்னால் மறைக்கிறவன் மாதிரி பந்தை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

"எதுக்கு? அறுக்கவா?"

"இல்லப்பா. அந்த மூணாம் நம்பர் கைல குடுக்க."

"பதினேழு பந்துக்கா. எந்த மூஞ்சிய வெச்சுக்கினு கேக்கற? பதினொண்ணாவது பந்து எங்கப்பா போனஸ்ல வாங்கிக் குட்த்தது."

"தெரியும். தப்புதான்."

அப்படி ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வருமென்று லோகு எதிர்பார்த்திருக்கவில்லை. "அருவாமனைய கொண்டாந்து குடு. பந்த எட்த்துக்கினு போ" என்றான்.

பொற்கொடி போய், தன் தாய்வீட்டிலிருந்து வந்த அந்த அரிவாள்மனையை இரண்டு கையாலும் தூக்கிவந்து அவனிடம் கொடுத்தாள். அவன் அதைத் துண்டில் சுற்றி, அதற்குள் கூடிவிட்ட டீம்காரர்கள் விலகி வழிவிட, உள்ளே கொண்டுபோய்ப் பரண்மேல் வைத்தான். பந்து அவள் கைக்கு வந்தது. அறுக்காமல் ஒரு பந்தை இத்தனை நேரம் பிடித்திருந்தது அதுதான் முதல் தடவை. அது வெயிலில் கிடந்து சூடாக இருந்தது.

மூணாம் நம்பரை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கோதண்டனை நாற்காலியோடு தூக்கி வந்து வெளியே வைத்தார்கள். தெரு முழுக்கக் கூடிவிட்டது, அஞ்சலை மருமகளைக்கூடப் பிடித்து நடத்திக் கொண்டுவந்திருந்தார்கள்.

"அவன் கைல குட்த்துட்டா அவன் பூடுவான், கொடி" என்றார் கோதண்டன். "அப்புறம் நான் பேச மாட்டேன்."

"தெரியும்யா."

"தெரிஞ்சுதான் குடுக்கறியா?"

"எனக்கு நீயும் பேசணும், அவளும் வேணும். ரெண்டும் கெடைக்கலியே, நான் இன்னா பண்ணுவேன்?"

கோதண்டன் இடது கையை நீட்டி அவள் கையிலிருந்த பந்தை ஒரு தட்டுத் தட்டினார். "குடு" என்றார்.

அவள் கொடுத்தாள். நீட்டியே இருந்த அந்தக் கைகள் இத்தனை நாளுக்குப் பிறகு மூடின. மூணாம் நம்பர் அவசரப்படவில்லை. பந்தைச் சட்டையில் இந்தப் பக்கம் துடைத்தான், அந்தப் பக்கம் துடைத்தான். எறியும்போது கால் தூக்கினால் செல்லாது என்பதால் இரண்டு காலையும் தரையில் அழுந்த ஊன்றினான். பந்தை இரண்டு கையாலும் தலைக்குப் பின்னால் கொண்டுபோனான். அந்த நேரத்தில் கோதண்டன், வாழ்நாளில் ஒருநாளும் அவசரமாகப் பேசாத மனுஷன், மூச்சு வாங்காமல் சொன்னார்: "அரக்கோணம். ஸ்டேஷன்ல எறங்கி எடது பக்கம், ரயில்வே கோர்ட்டர்ஸ் தாண்டனா பள்ளிக்கூட கிரவுண்டு. ஞாயித்துக்கெயம காலைல பொண்ணுங்களுக்குச் சொல்லித் தருது. அப்பா ஏமாத்தலன்னு அதாண்ட..."

பந்து கையை விட்டுப் போயிற்று. வீட்டுக் கூரைக்கு மேலே, மின்கம்பிக்கு மேலே, எந்தக் காலத்திலோ எவனோ மார்பில் வாங்கப்போகிற பந்தாக அது போயிற்று. வாசலில் மூணாம் நம்பர் இல்லை, பூட்ஸ் அழுந்தின இரண்டு தடம் இருந்தது. கோதண்டனின் வாய் இன்னும் திறந்திருந்தது. அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. அவர் கண்ணால் பொற்கொடியைப் பார்த்தார், அவள் முந்தானையால் அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள். அன்றைக்கு மத்தியானம் அஞ்சலை மருமகளுக்கு வலி வந்தது, பெண் குழந்தை. அந்தப் பந்து திரும்பி வரவில்லை, லோகு அதைப் பதினெட்டாவது பந்தாகச் சேர்த்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோதண்டனுக்குக் கஞ்சி கொடுத்து, அஞ்சலையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பொற்கொடி அரக்கோணம் ரயிலேறினாள். இடது பக்கம் நடந்தாள். கோர்ட்டர்ஸைத் தாண்டினாள். பள்ளிக்கூட கிரவுண்டில் இருபது இருபத்தைந்து பெண் பிள்ளைகள் அரை டிராயர் போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். கோட்டுக்கு அடையாளமாக வரிசையாகக் கிண்ணம் கிண்ணமாய்ப் பிளாஸ்டிக் வில்லைகளைக் கவிழ்த்திருந்தார்கள். வரிசைக் கடைசியில் பிளாஸ்டிக் இல்லை. தோல் வெடித்து நிறம் போன ஒரு பாதிப் பந்து கவிழ்ந்திருந்தது. எதிர் மூலையில் இன்னொரு பாதி. அறுத்த ஓரம் கத்தி வைத்தது மாதிரி நேராக இருந்தது. யார் அறுத்தது என்று பொற்கொடிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அங்கேயே நின்றுவிட்டாள்.

பந்து ஒன்று துள்ளிக்கொண்டு வெளியே வந்து அவள் காலில் முட்டியது. ஒரு பெண் ஓடிவந்து கோட்டோரம் நின்றது. "ஆயா, பந்து" என்று இரண்டு கையையும் முன்னால் நீட்டியது.

பொற்கொடி குனிந்து எடுத்தாள். கொடுக்கத்தான் நினைத்தாள். கொடுத்துவிட்டால் ஆட்டம் நடக்கும், நடந்தால் ஒருவரும் இந்தப் பக்கம் பார்க்க மாட்டார்கள் என்று தோன்றியது. பந்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் கை நீட்டியபடியே இருந்தது, ஓடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள், கிரவுண்டு முழுக்க நின்றுவிட்டது. நடுவிலிருந்து விசில் ஒரு நீளத்துக்குக் கேட்டது. தொப்பி வைத்த ஒருத்தி, என்ன ஆச்சு என்று பார்க்க, வேகமாக நடந்து வந்தாள்.

நாலடி தூரத்தில் தமயந்தியின் கால் நின்றது. அவள் பார்த்தது அம்மாவின் முகத்தை இல்லை, கையை.

"அருவாமன இல்ல" என்றாள் பொற்கொடி. "லோகு கைல குட்த்துட்டேன்."

தமயந்தியின் விசில் கழுத்தில் தொங்கி ஆடியது.

"அப்பா ஏமாத்தல. பேச்சு பூட்ச்சு அவுருக்கு. ஒரு வருசம் ஆவப் போவுது. அத்த சொல்லச் சொன்னாரு. சொல்றதுக்குள்ள..." அதற்கு மேல் பொற்கொடிக்கும் வரவில்லை.

தமயந்தி திரும்பி நின்றுகொண்டாள். தொப்பியைக் கழற்றினாள், மறுபடி வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் இருபத்தைந்து பெண்களும் இடுப்பில் கைவைத்துக் காத்திருந்தார்கள். அம்மாவைப் பார்க்காமலே, "பந்த உள்ள போடு" என்றாள்.

பொற்கொடிக்கு மூணாம் நம்பர் செய்தது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பந்தைப் புடவையில் இந்தப் பக்கம் துடைத்தாள், அந்தப் பக்கம் துடைத்தாள். இரண்டு கையாலும் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கால் தரையை விட்டு எழும்ப எறிந்தாள். பந்து நாலடி தூரத்தில் சொத்தென்று விழுந்தது. பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

விசில் கேட்டது.

தமயந்தி குனிந்து பந்தை எடுத்தாள். பிறகு நடந்து வந்து அதைத் தன் கையாலேயே அம்மாவிடம் கொடுத்தாள்.

"கால் தூக்கிட்டம்மா" என்றாள். "இன்னொரு வாட்டி போடு."